கண்டக்டர் போட்டுக்கொண்ட ஊசி

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவருக்கு எங்கே இருந்தது என்று நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கமும் பேச்சும் போயின. மிஞ்சியது "அட சீ" மட்டும். தண்ணீர் வேண்டுமென்றாலும் அட சீ, ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றாலும் அட சீ. பேச்சு போனாலும் திட்டுகிற வார்த்தை சிலருக்குத் தங்கிவிடும் என்றார் டாக்டர். இவரிடம் இருந்த சரக்குக்கு இவ்வளவுதான் தங்கியதா என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவரை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். பத்தாம் அறை, ஜன்னலோரக் கட்டில். அன்றிலிருந்து என் மாமனார் ஒருநாள் தவறாமல் பதினோரு மணி பஸ்ஸில் போய் இறங்கினார். முப்பத்துநாலு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அங்கேயும் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். மதியம் மனைவிக்கு ஊட்டுவார், அப்படியே பக்கத்து மேஜையில் கை நடுங்குகிறவருக்கும் ஊட்டுவார், தட்டுகளை அடுக்குவார். சட்டை பாழாகிறதே என்று சமையல்கட்டுக்காரர்கள் அவருக்கு ஒரு மஞ்சள் ஏப்ரன் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கள் மூன்றாவது மாடிக்கு ஏறும்போதுதான் அவருடைய முழங்கால் எழுபத்தொன்பது வயதைக் காட்டும்.

"அவ பக்கத்துல ஒரு கட்டில் கிடைச்சா போதும்மா" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டார். கணவன் மனைவி என்றால் ஒரே அறை தருவார்களாம். மனு போட்டு பதினாலு மாதம் காத்திருந்தோம். போன மாதக் கடைசியில் பத்தாம் அறையின் இன்னொரு கட்டில் காலியானது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் காகிதங்களைக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து இருக்கும் அம்மாளுக்குப் போய்விடும். போனால் போனதுதான்.

காகிதமெல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த வாரத் திங்கட்கிழமை முதல் இல்லத்தில் புது விதி: அங்கே இருப்பவர், வேலை செய்பவர், பார்க்க வருபவர், புதிதாகச் சேருபவர், யாராக இருந்தாலும் இந்த வருஷத்துக் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போட்டுப் பதினாலு நாள் ஆகியிருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் இல்லத்திலேயே முகாம் நடத்தினார்கள். மாமா அன்று போட்டுக்கொண்டதாகத்தான் சொன்னார்.

"ஊசி போட்டதுக்குக் கொடுத்த கார்டு எங்கே மாமா?"

"கார்டு ஒண்ணும் தரலையேம்மா. கையெழுத்து வாங்கினாங்க, போகச் சொன்னாங்க."

இல்லத்து ஆபீஸ்காரர் உயரமான மனிதர், முகத்தில் ஒரு சுருக்கம் கூட அசையாது. பார்வையாளர் பட்டியலை விரலால் மேலிருந்து கீழே தடவிவிட்டு இல்லையென்று தலையாட்டினார்.

"அன்னைக்கு வந்த விசிட்டர்ஸ் முப்பத்தாறு பேர். எல்லாருக்கும் கார்டு கொடுத்தாச்சு. இவர் பேர் இதுல இல்லை."

"அவர் பொய் சொல்ற ஆள் இல்லைங்க."

"நான் அப்படிச் சொல்லலையே. வயசானவங்க, மறந்திருப்பாங்க."

இப்போது போட்டாலும் பதினாலு நாள் கணக்குக்கு வெள்ளிக்கிழமை எட்டாது. கார்டு இல்லாததால் திங்கட்கிழமையே வாசலில் மாமாவை நிறுத்திவிட்டார்கள். ஊட்டவும் உள்ளே போக முடியாது. என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, வீடு பற்றி எரிந்தாலும் "பார்த்துக்கலாம்" என்கிற ஜென்மம், அவரும் ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தார்: "அப்பா, முகாமுக்குப் போகணும்னு நினைச்சிருப்பீங்க. போட்டதா மனசுல பதிஞ்சிருக்கும்."

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முப்பத்துநாலு வருஷத்துல ஒரு டிக்கெட் கூட எனக்குக் கணக்கு தப்பினதில்லைடா." சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "இருக்கலாம். தப்பியிருக்கலாம்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் எனக்குத் தாங்கவில்லை. நானும் உள்ளுக்குள் சந்தேகப்பட்டிருந்தேன் என்பதால் இன்னும் தாங்கவில்லை.

நான் வாரம் முழுக்க லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊட்டப் போனேன். என்னிடம் கார்டு இருந்தது. மாமா என்னோடு பஸ்ஸில் வருவார், இல்லத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். நான் உள்ளே போவேன். அத்தைக்கு என் கை பிடிக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்ப்பார். நாலு நாளில் ஒன்றரை கிலோ இறங்கிவிட்டதாகத் தலைமை நர்ஸ் எழுதி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஆபீஸ்காரரிடம் எள்ளும் கொள்ளுமாக வெடித்தேன். "ஊசின்னா ஊசிதானே, மனுஷங்க முக்கியமா காகிதம் முக்கியமா? ஒரு வயசானவரைத் தெருவுல உட்கார வச்சிருக்கீங்களே, ராத்திரி தூக்கம் வருதா உங்களுக்கு?"

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"போன வருஷத்துக்கு முந்தின குளிர்ல அந்த வராந்தாவுல ஏழு கட்டில் காலியாச்சும்மா. பதினஞ்சு நாள்ல ஏழு. பார்க்க வந்த யாரோ ஒருத்தர் கொண்டுவந்த காய்ச்சல். அவரைக் குத்தம் சொல்லலை, அவருக்கே தெரியாது. அந்த ஏழுல ஒண்ணு எங்கம்மா." பேனாவைத் திரும்பத் திறந்தார். "நாலு மணி வரைக்கும் இங்கேயே இருப்பேன். ஏதாவது கிடைச்சா கொண்டாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதருக்கு நான் மனதில் என்னென்ன பட்டப்பெயர் வைத்திருந்தேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மதியம் அத்தை வாயே திறக்கவில்லை. மூன்று மணி டீ நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் மறுபடி அவருடைய சக்கர நாற்காலியை மேஜையோடு சேர்த்து நிறுத்தினேன். மாமாவின் மஞ்சள் ஏப்ரனை மாட்டிக்கொண்டு, மசித்த காய்கறியை ஸ்பூனில் எடுத்தேன். அத்தை இடது கையால் என் ஏப்ரனைப் பிடித்து இழுத்தார்.

"என்ன அத்தை? உப்பு வேணுமா?"

"அட சீ."

"சூடா இருக்கா?"

"அட சீ!" சூப் கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டினார். என் புடவையெல்லாம் சூப். நாலு மேஜை திரும்பிப் பார்த்தது. எனக்கும் வந்தது பாருங்கள் கோபம்.

"உங்களுக்காகத்தான் நாய் மாதிரி அலையறேன்! மாமாவுக்கு ஊசி போட்ட அத்தாட்சி இல்லை, இன்னைக்கு நாலு மணியோட எல்லாம் முடிஞ்சது, தெரியுமா? உங்களுக்கு எங்கே தெரியப்போகுது!"

சொன்ன மாத்திரத்தில் அவர் தோளுக்குச் சற்றுக் கீழே என் கையைப் பிடித்துக் கிள்ளினார். கிள்ளல் என்றால் சாதாரணக் கிள்ளல் இல்லை. செயல்படும் ஒரு கையில் இருந்த பலம் அத்தனையும் இரண்டு விரலில் வந்து இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தால் விடவில்லை. மறுபடி அதே இடத்தில் கிள்ளினார். பிறகு ஏப்ரனை இழுத்தார். பிறகு பரிமாறும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் ஏப்ரன்களோடு நின்றிருந்த சமையல்கட்டுப் பெண்களைக் காட்டினார். திரும்பவும் கிள்ளல், ஏப்ரன், ஜன்னல். மூன்றாவது சுற்றில்தான் என் மண்டையில் ஏறியது. அவர் கிள்ளிக்கொண்டிருந்தது ஊசி போடுகிற இடத்தில்.

"அத்தை, மாமா ஊசி போட்டுக்கிட்டாரா?"

கண்ணை மூடித் திறந்தார்.

"ஏப்ரன் போட்டுக்கிட்டா? இவங்களோட சேர்ந்தா?"

ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு ஒருவழியாகக் கணக்கு வந்துவிட்டதைப் பார்க்கிற வாத்தியார் போலப் பெருமூச்சு விட்டு, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். தலைமைச் சமையல்காரப் பெண் கரண்டியும் கையுமாக நின்றாள்.

"ஏங்க, முகாம் அன்னைக்கு உங்களுக்கெல்லாம் எங்கே ஊசி போட்டாங்க?"

"இங்கேதாங்கா, இந்தக் கூடத்துலயே. விசிட்டருக்கு முன்ஹால்ல, எங்களுக்கு இங்க. சாப்பாட்டு நேரம், ஒரே தள்ளுமுள்ளு. நம்ம கண்டக்டர்தான் எல்லாரையும் வரிசையா நிறுத்தி, ஒவ்வொருத்தரா ஏத்தி விட்டாரு. கடைசியா அவரும் உட்கார்ந்து போட்டுக்கிட்டாரே."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரு கேட்டாங்க எங்ககிட்ட?"

நியாயம்தான். சமையல்கட்டில் யாரும் கேட்கவில்லை. எந்த இடத்தில் போட்டார்கள் என்று மாமாவிடமும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவரிடமும் கேட்கவில்லை. அவர் இல்லாததுபோல் அவர் எதிரிலேயே நாங்கள் ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆபீஸ் அறைக்குள் நான் நுழைந்தபோது மணி மூன்று இருபது. சூப் புடவையோடு, ஏப்ரனோடு, மூச்சு வாங்க. "ஸ்டாஃப் பட்டியலை எடுங்க" என்றேன். ஆபீஸ்காரர் ஏன் என்று கேட்கவில்லை. அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது.

"ஸ்டாஃப் நாப்பது பேர்" என்றார் மெதுவாக. "பட்டியல்ல நாப்பத்தொண்ணு இருக்கு. மூணு வாரமா மண்டையைக் குடையுது. யாரோ ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னு முகாம்காரங்களுக்கு லெட்டர் கூட எழுதிட்டேன்."

ஸ்டாஃபுக்குக் கார்டு கிடையாதாம். பதிவேடு இல்லத்திலேயே இருக்கும் என்பதால் கையெழுத்து மட்டும்தான். அவசரத்தில் பெயர் கூட எழுதவில்லை. தேதி, செய்கிற வேலை, மருந்து நம்பர், கையெழுத்து. கடைசி வரிக்குப் போனோம். வேலை என்ற இடத்தில் முகாம் நர்ஸ் "சாப்பாடு ஊட்டுபவர்" என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே பொடியாக 12.47.

"நேரம்!" என்று கத்தினேன். "மாமா எங்கே கையெழுத்துப் போட்டாலும் கீழே நேரம் போடுவார். பேரன் ரிப்போர்ட் கார்டுல கூடப் போட்டார். டிப்போ பழக்கம்!"

ஆபீஸ்காரர் வாசல் மேஜையிலிருந்து வருகைப் புத்தகத்தைத் தானே ஓடிப்போய் எடுத்து வந்தார். அவ்வளவு உயரமான மனிதர் ஓடினால் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இரண்டு வருஷத்துப் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு நாளும் அதே கையெழுத்து, அதே வளைவு, கீழே பொடியாக நேரம். இரண்டையும் அருகருகே வைத்து உற்றுப் பார்த்தார். தலைமை நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினார். சமையல்காரப் பெண்ணைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். விதிப்படி ஒன்றையும் விடவில்லை. எல்லாம் முடிந்ததும் என்னைப் பார்த்து, "இருபத்திரண்டு நாள் ஆயிருக்கு. தாராளமா வரலாம். சீக்கிரம் கூட்டிட்டு வாங்க, நாலு மணிக்கு முன்னால அவரே கையெழுத்துப் போடணும்" என்றார்.

மாமா பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே கத்தினேன். "மாமா! எழுந்து வாங்க!"

"எதுக்கும்மா? மறுபடி அவங்க முன்னால போய் நிக்கவா? நான்தான் மறந்துட்டேன்னு ஒத்துக்கிட்டேனே."

தெருவைக் கடந்து போய் அவர் எதிரே நின்றேன். "நீங்க ஒண்ணும் மறக்கலை. பன்னிரண்டு நாப்பத்தேழுக்குப் போட்டிருக்கீங்க. ஸ்டாஃப் வரிசையில. அத்தைதான் சாட்சி சொன்னாங்க."

"அவளா?" நிமிர்ந்தார். "பேசினாளா?"

"பேசலை. கிள்ளினாங்க." புடவைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினேன். நாவல்பழ நிறத்தில் இரண்டு விரல் பதிந்திருந்தது.

அவர் அந்த இடத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஆமா, அவ கிள்ளுதான்" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஒரு வாரமாக வராத சிரிப்பு, தோள் குலுங்க. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது, அடக்கத் தோன்றவில்லை.

வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள், கை கழுவச் சொன்னார்கள், விட்டார்கள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவர் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே நேரத்தையும் எழுதினார். ஆபீஸ்காரர் முத்திரை குத்திய சத்தம் எனக்கு மேளச் சத்தம் மாதிரிக் கேட்டது. செய்தி எங்களுக்கு முன்னால் உள்ளே போயிருந்தது. சாப்பாட்டுக் கூடத்துக் கதவைத் திறந்ததும் சமையல்கட்டுப் பெண்கள் கரண்டியால் பாத்திர மூடியைத் தட்டினார்கள். கை நடுங்குகிற பெரியவர் நடுங்கும் கையாலேயே மேஜையைத் தட்டினார். "கண்டக்டர் வந்தாச்சு, ஏறுங்க ஏறுங்க!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மாமா நேரே மனைவியிடம் போனார். முழங்கால் வலியே இல்லாதவர் போல நடந்தார்.

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "பார்த்துட்டோம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, பரவாயில்லை.

பத்தாம் அறையில் மாமாவின் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, சட்டைகளை அடுக்கி, போர்வையை உதறி விரித்தேன். தலையணையைச் சரி செய்தேன். மருந்து டப்பாவை எடுத்து எங்கே வைக்கலாம் என்று பார்த்தேன். பிறகு அத்தையின் நாற்காலி அருகே மண்டியிட்டு, "இனிமே உங்ககிட்ட முதல்ல கேட்கிறேன் அத்தை. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிள்ளிய இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிக்கொடுத்தார். அப்புறம் மாமாவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், இடது கையை நீட்டி எனக்குக் கதவைக் காட்டினார்.

மருந்து டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன். இருபத்தேழு வருஷத்தில் அவர் என்னை வெளியே போகச் சொன்னது எத்தனையோ தடவை. நான் சிரித்துக்கொண்டே போனது அன்றுதான்.