கம்பிக்குப் பின்னால் ஒரு சிரிப்பு

தளபதி அரசரையே பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார் என்ற செய்தி காலையில் கடைத்தெருவுக்கு வந்தது. ஊரே பயந்து கதவடைத்தபோது செதுக்குக்காரருக்கு மட்டும் கை துறுதுறுத்தது. செப்புத் தகட்டில் படம் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி விற்பது அவர் தொழில். சிறையில் அரசர்! இப்படி ஒரு படத்துக்கு யார்தான் பறக்க மாட்டார்கள்? ஆனால் பக்கத்துத் தெருவில் அதே தொழில் செய்யும் மைத்துனன் இந்நேரம் உளியை எடுத்திருப்பான். இன்னொரு தடவை அவனிடம் தோற்றால் வீட்டில் தலைகாட்ட முடியாது.

வழி சொன்னது மனைவிதான். புதிதாகச் செதுக்கினால் வாரக்கணக்காகும். முடிசூட்டு விழாவுக்குச் செதுக்கிய தகடு பரணில் சும்மா தூங்குகிறதே, கிரீடத்தைத் தேய்த்து எடுங்கள், ஜன்னலுக்குக் கம்பி போடுங்கள், சிம்மாசனத்தைப் பலகையாக்குங்கள் என்றாள். கூடப்பிறந்தவனை முந்துவதில் அவளுக்கு அவ்வளவு ஆசை.

இருவரும் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தார்கள். அவர் தேய்த்துச் செதுக்க, அவள் மை குழைக்க, மதியத்துக்குள் ஈரம் காயாத படங்கள் சுடச்சுட விற்றன. செதுக்குக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

மிஞ்சிய ஒன்றை எடுத்து ஆற அமரப் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. எல்லாவற்றையும் மாற்றியவர் வாயை மாற்ற மறந்துவிட்டார். முடிசூடிய அன்றைய சிரிப்பு அப்படியே இருந்தது. கம்பிக்குப் பின்னால் அரசர் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். போச்சு, மைத்துனன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். தகட்டைத் திருத்த, கோடுகளைத் தேய்த்து அழிக்கும் இரும்பைக் கையில் எடுத்தார்.

அதற்குள் தெருவில் ஒரே ஆரவாரம். ஜனங்கள் படத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனார்கள். அரசர் சிரிக்கிறாராம், சிரிக்கிறார் என்றால் வெளியே வரப்போகிறார் என்றுதானே அர்த்தம்! காலையில் பயந்து கடையை மூடிய ரொட்டிக்காரர்தான் எல்லாருக்கும் முன்னால் போனார். சிறை வாசலில் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை என்று மனைவி மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னாள். அவள் பின்னாலேயே தளபதியின் அதிகாரி வீரர்களோடு நுழைந்தார்.

"அந்தச் சிரிப்ப அழி. அழுற மாதிரி போட்டு, சாயந்தரத்துக்குள்ள தெருவுக்கு அனுப்பு. இல்லேன்னா நீயும் உள்ளதான்."

செதுக்குக்காரர் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போகிறவர். தவிர, அந்த வாயைத் தேய்க்க அவரே துடித்துக்கொண்டிருந்தவர்தான். தகட்டின் மேல் குனிந்தார். தெருவின் கூச்சல் சுவரைத் தாண்டிக் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே மைத்துனன் நின்றிருந்தான். அவன் கையிலும் அதே படம். காசு கொடுத்து வாங்கியிருக்கிறான், கேலி செய்ய அல்ல. கண் கலங்கியிருந்தது.

செதுக்குக்காரர் ஜன்னலையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பாதி பயம், பாதி என்னவென்று தெரியாத சந்தோஷம். இரும்பைக் கீழே வைத்தார்.

"என் கையால நடந்த தப்புதான் ஐயா," என்றார். "அது இருந்துட்டுப் போகட்டும்."