ஐந்து மணி ஆராதனை

கிறிஸ்துமஸ் அன்று மதியம் போன் வந்தபோது ராஜபாளையத்து வீட்டில் இருந்தவர்கள் நான்கே பேர்: மில்லில் முப்பத்திரண்டு வருடம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற சத்தியநேசன், அவர் மனைவி அன்னாள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விருந்துக்கு வந்திருந்த அன்னாளின் தம்பி தங்கச்சாமி, வருடம் தவறாமல் இந்த ஒரு நாள் இவர்களோடு சாப்பிடும் ஜவுளிக்கடை நைனா முகமது. வேறு யாரும் இல்லை. இருபது பேர் தாங்களே காதால் கேட்டதுபோலப் பின்னால் பேசித் திரிந்ததால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போனில் வந்தது இங்கிலாந்திலிருந்து, மருமகள் அக்சா. செப்டம்பரில்தான் அவளும் சத்தியநேசனின் ஒரே மகன் ரிச்சர்டும் ஆறு வயது மகளோடு அங்கே போயிருந்தார்கள். வடக்கே ஒரு சின்ன ஊர். அக்சாவுக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. இன்ஜினியரிங் படித்த ரிச்சர்டுக்கு ஒரு குடோனில் ராத்திரி ஷிப்ட், பெட்டி அடுக்க வேண்டும். அவன் வரும்போது அவள் கிளம்புவாள். வீட்டில் இருக்கிறவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே அரைத் தூக்கம் தூங்கிக்கொள்ள வேண்டியது.

இதில் எதையும் சத்தியநேசன் வெளியே சொன்னதில்லை. மகன் கம்பெனியில் இன்ஜினியர் என்றுதான் சொல்லியிருந்தார். பழைய கார் ஒன்று பார்க்க வேண்டும் என்று ரிச்சர்ட் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னதை, இவர் வாய்ப்பேச்சிலேயே காராக வாங்கி, கோயில் வாசலில் நாலு பேரிடம் சொல்லும்போது அதற்குச் சாம்பல் நிறமும் அடித்துவிட்டார்.

அந்தக் குடும்பம் கிறிஸ்துமஸ் விடிகாலை ஆராதனையை நாலு தலைமுறையாக விட்டதில்லை. சத்தியநேசனுக்கு டைஃபாய்டு கண்ட வருடம்கூடப் போர்வையைச் சுற்றி ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதனால்தான் முந்தின நாள் மகனைக் கூப்பிட்டு, எந்த நாட்டில் இருந்தாலும் ஐந்து மணிக்குக் கோயிலில் நிற்க வேண்டும், அக்சா பட்டுச்சேலை கட்ட வேண்டும், குழந்தைக்குப் பார்சலில் அனுப்பிய பாவாடை சட்டையைப் போட வேண்டும் என்று கண்டித்துச் சொன்னார். ரிச்சர்ட் சரிப்பா என்றான். அவன் எப்போதும் அதைத்தான் சொல்வான்.

அக்சா நடந்ததைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பத்தரைக்கு ஆராதனை. ஆனால் கிறிஸ்துமஸ் என்றால் விடிகாலைதான் என்பதில் அவளுக்கோ ரிச்சர்டுக்கோ சந்தேகமே வரவில்லை. அன்றைக்கு அந்த ஊரில் பஸ் ஓடாது என்பதும் நிறுத்தத்தில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. ஒரு மணி நேரம் குளிரிலும் தூறலிலும் நடந்திருக்கிறார்கள். கோயில் பூட்டிக் கிடந்தது. இப்போது திறப்பார்கள், இப்போது திறப்பார்கள் என்று வாசலிலேயே நின்று, குழந்தை அழாமலிருக்கக் கீர்த்தனை பாடியிருக்கிறார்கள். இருட்டில் யாரோ நின்று பாடுகிறார்களே என்று எதிர்வீட்டில் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள்.

"நல்ல மாதிரியா பேசுனாக மாமா. பாப்பாவ ஹீட்டர் பக்கத்துல உக்கார வச்சு, போலீஸ் வண்டிலயே வீட்டுல கொண்டாந்து விட்டாக."

கொல்லைக் குழாயில் கை கழுவிவிட்டு வந்த தங்கச்சாமியின் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்.

ரிச்சர்ட் போனை வாங்கினான்; வீடியோவில் முகம் தெரிந்தது. புதுச்சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"பத்தரைக்குத்தான் ஆராதனையாம்பா. மறுபடி நடந்து போயிருதோம். விட்ற மாட்டோம்."

அக்சாவுக்கு இரண்டு மணிக்கு டூட்டி என்று அன்னாள் மெதுவாகச் சொன்னாள். அவனுக்குப் பின்னால் சோபாவில் குழந்தை பட்டுப் பாவாடையோடு, ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தது. போ என்று சொல்லச் சத்தியநேசனுக்கு வாய் வரைக்கும் வந்தது. அவர் சொன்னால் அவன் போயே தீருவான் என்பதும் தெரிந்தது.

"போக வேண்டாம்" என்றார். "படுத்துத் தூங்குங்க."

போனை வைத்தபிறகு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றார் நைனா முகமது. "அங்கிட்டு மணி வேறன்னு ஆண்டவனுக்குத் தெரியாதா?"

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சாமி மகளுக்கு நிச்சயதார்த்தம். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே பார்க்கிறவர்கள் சத்தியநேசனின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார்கள். ஒருவர், விசா போய்விடுமோ என்றார். இன்னொருவர், வக்கீல் வைத்தாயிற்றா என்று கேட்டார். அவர் தங்கச்சாமியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நான் போலீஸ் வண்டின்னு மட்டுந்தான் அத்தான் சொன்னேன்" என்றான் தங்கச்சாமி. "மிச்சத்த அவுகளா சேத்துக்கிட்டாக."

"அம்புட்டுப் பேரும் ஆளுக்குக் கொஞ்சமா சேத்தாகளோ?"

அவன் உள்ளே போய்விட்டான். கார் ரிப்பேர், அதனால் போலீஸ்காரர்கள் உதவி செய்தார்கள் என்று சொல்லிவிடலாம் என்பது வரும் வழியிலேயே சத்தியநேசன் யோசித்து வைத்திருந்தது. கௌரவமான பதில். அதைச் சொன்னால், போலீஸ்காரர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் ஒன்று தயார் செய்ய வேண்டும். அவருக்கு அலுப்பாக இருந்தது. போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் சபையின் மூப்பர் ஜெபம் செய்ய எழுந்தார். நல்ல மனுஷர். மணமக்களுக்காக வேண்டிக்கொள்வோம் என்றவர், குரலைத் தாழ்த்தி, அந்நிய தேசத்தில் சிறையிருப்பில் இருக்கும் நம்முடைய சகோதரன் ரிச்சர்டுக்காகவும் என்று சேர்த்தார். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினார்கள். அன்னாள் மட்டும் மூடவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தியநேசன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மில்லில் ஷிப்ட் மாறும்போது மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிய அதே குரலில் சொன்னார்:

"ஜெபத்துக்கு முன்ன ஒரு விஷயம். ரிச்சர்ட் ஜெயில்ல இல்ல. போலீசு அவனப் பிடிக்கல. கோயில் பூட்டிக் கெடந்துச்சு. அன்னைக்கு அங்க பஸ்சு கெடையாது, அவன்ட்ட காரும் கெடையாது. அவன் குடோன்ல பெட்டி அடுக்குதான். குளுருல நின்ன மூணு பேரையும் வீட்டுல கொண்டுபோய் விட்டாக, அம்புட்டுத்தான். அஞ்சு மணிக்குப் போகச் சொன்னது நான்."