மூன்றாவது நிமிடத்து ஆள்

ரஸ்ஸல் ப்ராட்பெண்ட் கடைசியாக ஒரு கால்பந்து ஆட்டத்தை முதல் விசிலிலிருந்து ஆடி நாற்பத்தொரு நாட்கள் ஆகியிருந்தன. அந்த நாட்களில் எங்கள் கிளப் ஹெப்லி டவுன் எட்டு ஆட்டங்கள் ஆடியது. முதல் நான்கில் அவர் பெஞ்சை விட்டு எழவே இல்லை, நான்கிலும் தோற்றோம். அடுத்த நான்கில், ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம் ஆவதற்குள் மாற்று ஆளாக இறக்கப்பட்டார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். போன கோடையில் அவர் எங்களிடம் வந்தபோது போட்ட ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பருவத்தில் இருபத்தைந்து ஆட்டங்களைத் தொடக்கத்திலிருந்து ஆடினால், ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடம் நீளும். இடையில் இறங்குவது கணக்கில் வராது. ரஸ்ஸல் இருபத்து நான்கில் நின்றார்.

லீக்கின் கீழ்ப் பிரிவுகளில் இது புதிதல்ல. அந்த எண்ணுக்கு ஒரு படி முன்னால் வந்ததும் ஆள் திடீரென்று களைத்துப்போவான். அல்லது அணியின் அமைப்பு மாறும். உண்மையை மட்டும் யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் வீரர்கள் சங்கத்தின் வக்கீல் வந்துவிடுவார்.

நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். முதல் வாரம் எங்கள் மேனேஜர் நீல் ஹாப்குட் உள்ளூர் வானொலியில், "ரஸ்ஸலுக்குத் தொடைல லேசா ஒரு பிடிப்பு" என்றார். அன்று காலைதான் அந்தத் தொடையை அழுத்திப் பார்த்திருந்தேன். அதில் ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வயதுக்கு அது மிக நல்ல தொடை.

மூக்குதான் நேராக இல்லை. அதை உடைத்தது நீலின் தலை. பத்து வருடங்களுக்கு முன் இருவரும் வேறொரு கிளப்பில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தடுத்தவர்கள். ஒரே பந்துக்கு இருவரும் எம்பியிருக்கிறார்கள். மூன்று பருவங்கள் ஒரே காரில் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். மற்றவர்கள் முன்னால் ரஸ்ஸல் அவரை 'பாஸ்' என்பார். தனியாக இருக்கும்போது 'நீல்'.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை ரஸ்ஸல் என் மேசையில் படுத்திருந்தார். பக்கத்து மேசையில் டாரன் பிக்கர்ஸ்டாஃப் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். வலது ஓரத்தில் ஆடும் பையன். ரஸ்ஸலின் இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கி, மூன்றாவது நிமிடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இப்போது அவன் வேலை.

"இந்த சனிக்கிழமை எந்தக் கால் டாக்டர்?" என்றான். நான் டாக்டர் இல்லை. "நாலு வாரமா இடதையே பிடிச்சிட்டிருக்கேன். அதுக்கும் ஒரு ஓய்வு வேணாமா?"

"நீ உக்கார்ற லட்சணத்துக்குத் தொடைன்னு எவனும் நம்ப மாட்டான்" என்றார் ரஸ்ஸல். "வயித்தால போறவன் மாதிரி உக்கார்ற."

"அப்ப நீங்களே சொல்லிக் குடுங்க தல."

"பதினேழு வருஷமா ஆடுறேன். நடிக்க மட்டும் கத்துக்கல. கத்திருந்தா இன்னும் மேல ஆடியிருப்பேன்."

டாரன் சிரித்தான். பிறகு பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்க தல. பாஸ் சொல்றாரு, நான் செய்யறேன்" என்றான்.

"உன்னை யாருடா சொன்னா? நீலையும் சொல்லல. அவன் என்ன பண்ணுவான், பாவம். கிளப் தலைவர் கஞ்சன். கேரவன் வண்டி விக்கிற ஆளு. உள்ள வந்ததை வெளிய விடமாட்டான்."

டாரன் போன பிறகும் அவர் எழவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"டார்சிகிட்ட மார்ச்லயே சொல்லித் தொலைச்சிட்டேன், ஹெட்டி" என்றார். டார்சி அவர் மகள். "ஒரே ஒரு ஆட்டந்தான் பாக்கி, அடுத்த மே மாசம் பரீட்சையை இங்கயே எழுதுவன்னு. அவளுக்கு இது ஆறாவது ஸ்கூல். அறை சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சிட்டா. வாடகை வீட்டுச் சுவத்துக்கு. இதுக்கு முன்னால எந்த வீட்லயும் அடிச்சதில்ல."

மறுகாலை எடுத்து அழுத்தத் தொடங்கினேன்.

ஒன்பது கிளப்புகள். ஒருமுறை மேல் பிரிவுக்கு ஏறியிருக்கிறார். நான்கு முறை இறங்கியிருக்கிறார். அவர் காரின் பின்பக்கத்தில் மூன்று கிளப்புகளின் சின்னம் போட்ட செருப்புகள் கிடக்கும். எதுவும் ஜோடி சேராது. யாரும் அவருக்காகப் பெரிய தொகை கொடுத்ததில்லை. ஆனால் அவர் நின்ற இடத்தில் பந்து தலைக்கு மேலே போய்ப் பார்த்தது குறைவு.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் நீலின் அறைக்குப் போனார். அது தகரப் பெட்டி மாதிரியான அறை. அதற்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைதான். அந்தப் பக்கம் நான் கட்டுத்துணிகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு நான் தொடங்கறேனா?"

"அமைப்பைப் பாக்கணும் ரஸ்."

"என்ன அமைப்பு? எதிர் டீம் முன்வரிசைல ரெண்டு நெட்டை விளக்குக் கம்பத்தை நிறுத்தப் போறாங்க. டாரன் எம்பினா அவனுங்க தோளை முகர்ந்துதான் பாக்கலாம்."

"அவன் வேகமா ஓடுவான்."

"மூணு நிமிஷம் ஓடுவான்."

கெண்டி கொதித்து நின்றது. யாரும் தேநீர் ஊற்றும் சத்தம் கேட்கவில்லை.

"நீல், நான் சண்டைக்கு வரல. சங்கத்துக்கும் போகமாட்டேன். சத்தியமா. தலைவர் வேணாம்னாருன்னு ஒரு வார்த்தை உன் வாயால சொல்லு. வீட்ல போய்ச் சொல்லணும். எனக்கு ஆட்டம் போயிருச்சுன்னு ஸ்கூல்ல பசங்க டார்சிகிட்ட சொல்றாங்களாம். அவ என்கிட்ட கேக்கல. எங்கிட்ட ரொம்ப அன்பா நடந்துக்கறா. அதைத்தான் தாங்க முடியல."

"அமைப்புதான் ரஸ்."

கதவு அறையப்படவில்லை. அவர் கவனமாகச் சாத்திவிட்டு வந்தார். பிறகு ஒரு பந்தை எடுத்துப்போய்ச் சலவை அறைச் சுவரில் உதைக்கத் தொடங்கினார். இடதுகால், வலதுகால். உடைகளைத் துவைக்கும் டெர்மட் வெளியே வந்தார்.

"டேய், உள்ள மெஷின் ஓடுது. செவுரு அதிருது."

"அதிரட்டும்."

"உதைக்கவேண்டிய செவுரு இது இல்லடா."

"தெரியும்" என்றார் ரஸ்ஸல். உதைத்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை மழை. சமன் செய்தால் பிரிவில் தங்குவோம்; தோற்றால் லீக்கை விட்டே வெளியே. மைதானம் நிறைந்திருந்தது. ரஸ்ஸல் வழக்கம்போல, தொடங்கும் பதினொருவரோடும் சேர்ந்து முழுதாக உடலைச் சூடாக்கினார். உள்ளே போகும் வழியில் அவர்களை ஒவ்வொருவராகத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேல்சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். மற்ற வாரங்களில் அதைப் போடவே மாட்டார்.

எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் வரிசையாக ரசிகர்கள். ஃபிளாஸ்க்கோடு வரும் ஒரு ஆள் எல்லா வாரமும் அதே இடத்தில் இருப்பார்.

"ப்ராடி, மூணாவது நிமிஷ பஸ்ஸு வந்திரும். சில்லறை வெச்சிருக்கியா?"

"பஸ் பாஸ் வெச்சிருக்கேன்யா" என்றார் ரஸ்ஸல். "நம்மள மாதிரி பெருசுங்களுக்கு இலவசம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ரஸ்ஸல் சிரிக்கவில்லை.

விசில் ஊதியது. எதிரணி ரசிகர்கள் ஒவ்வொரு நிமிடத்தையும் சேர்ந்து எண்ணினார்கள். மூன்று என்று அவர்கள் கத்தியபோது டாரன் புல்லில் உட்கார்ந்தான். இந்த முறை வலது காலைப் பிடித்திருந்தான். அரங்கம் முழுவதும் கைதட்டியது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"எங்க வலிக்குது?"

"மனசுல" என்றான். "ஸ்பிரே அடிங்க, மேல இருந்து பாக்கறாங்க."

நடுவர் எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றார். "சீக்கிரம்மா. இந்த நாடகத்தை நானும் டிவில பாத்துட்டேன்."

அவனைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தேன். கோட்டருகே மாற்றுப் பலகை தயாராக இருந்தது. ரஸ்ஸலின் எண் ஐந்து பச்சையில் எரிந்தது. ரஸ்ஸல் பெஞ்சிலேயே இருந்தார். ஜிப் கழுத்துவரை மூடியிருந்தது.

"ரஸ், வா" என்றார் நீல்.

அவர் எழவில்லை.

"ரஸ்."

"முதல்ல சொல்லு."

நடுவர் காத்திருக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. எங்கள் பக்கம் பத்துப் பேர். நடுவில் ஓர் இடம் காலியாக இருப்பது பெஞ்சிலிருந்தே தெரிந்தது. எதிரணியின் இரண்டு விளக்குக் கம்பங்களும் அதற்குள் நடந்துபோய் நின்றுகொண்டார்கள்.

"இப்ப விளையாட்டா இது?" நீல் அவர் முன்னால் குனிந்தார். "தொண்ணூறு வருஷத்துக் கிளப்புடா. கீழ போயிரும்."

"அது உன் கவலை. உங்க அமைப்புல எனக்கு இடமில்லையே பாஸ்."

டாரன் நெளிந்தான். "நான் வேணா திரும்ப உள்ள போகட்டுமா பாஸ்? கால் சரியாயிருச்சு."

"வாயை மூடு."

பந்து எங்கள் கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அரங்கம் மொத்தமும் ஒருமுறை மூச்சை இழுத்தது. எதிரணிக்குக் கார்னர். பின்னால் இருந்த ஃபிளாஸ்க்காரர் எழுந்து நின்றார்.

"ப்ராடி, என்னய்யா பண்ற? எழுந்திருய்யா."

ரஸ்ஸல் திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் முழங்காலில் இருந்தன. வலதுகால் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலியிடத்துக்கு ஓடவேண்டுமென்று அதற்குத் தெரிந்திருந்தது. அவர் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார்.

"நீல்" என்றார். எல்லோர் முன்னாலும் அவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை. "தலைவர் மேலதான் உக்காந்திருக்காரு. அவருக்குக் கேக்காது. தலைவர் வேணாம்னாருன்னு சொல்லு. ரெண்டே வார்த்தை. அடுத்த நொடி ஓடிப்போய் அந்தக் கார்னரைத் தலையால முட்டி வெளிய தள்றேன். உனக்காகப் பண்றேன்டா. கிளப்புக்காகக்கூட இல்ல."

நீல் நிமிர்ந்தார். மழைநீர் அவர் தொப்பியின் விளிம்பிலிருந்து சொட்டியது. ஒருமுறை மேலே, தலைவரின் இருக்கை இருந்த பக்கம் பார்த்தார். பிறகு கார்னர் கொடியருகே பந்தை வைத்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தார். கடைசியில்தான் ரஸ்ஸலை. அந்த வளைந்த மூக்கை.

"தலைவர் ஒண்ணும் சொல்லல ரஸ்" என்றார். "அவரு இன்னொரு வருஷம் குடுத்துறலாம்னுதான் சொன்னாரு. அடுத்த சீசனுக்கு உன் இடத்தை நான் ஜனவரியிலயே வேற ஒருத்தனுக்கு வாக்குக் குடுத்துட்டேன். வேணாம்னது நான்தான்."