எதிர்வெயில்

கண்ணாடிக் கட்டடத்தைத் துடைக்கக் கயிறு கட்டி இறங்கும்போதெல்லாம் அவன் கண் தன் தெருவைத்தான் தேடும். இந்தப் பக்கம் மேம்பாலம், வழுக்கிக்கொண்டு போகும் கார்கள், உள்ளே ஏசி அறையில் சத்தமில்லாமல் வாயசைக்கும் மனிதர்கள். அந்தப் பக்கம், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய தெரு. அங்கே நேர்வெயில் விழாது. சுற்றியிருக்கும் மாடிகள் விழுங்கிவிடும். மத்தியானத்துக்கு மேல் இந்தக் கண்ணாடிகளில் பட்டுத் திரும்புவதுதான். எதிர்வெயில் என்பார்கள். அதை நம்பித்தான் அவன் மனைவி லாட்ஜ் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடுகிறாள். ஒருநாள் ஈரமாகப் போனால் போதும், லாட்ஜ்காரன் மெஷின் லாண்டரியைக் கூப்பிட்டுவிடுவான்.

மேம்பாலத்தில் போகிறவர்களுக்குக் கண் கூசுகிறதாம். கண்ணாடிக்கெல்லாம் மங்கல் தாள் ஒட்ட உத்தரவு. ஒட்டுகிற வேலை இவனுக்கு.

காலையில் சொன்னபோது அவள் வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை. நம்ம வாசலுக்கு வெளிச்சம் தருவது எந்தக் கண்ணாடி என்று மட்டும் கேட்டாள்.

“அத்தனை கண்ணாடியில எதைன்னு சொல்ல?”

“தெரிஞ்சா விட்டுடுவியா?”

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்துவிட்டான். கேள்வி கூடவே வந்து கயிறேறியது.

பக்கத்துக் கயிற்றில் அவளுடைய தம்பி. “வெயிலுக்குத் தாள் ஒட்டிட்டு வீட்டுக்குப் போங்க மாமா. அக்கா சோறு போடுதா, சாத்து போடுதான்னு நானும் வந்து பாக்கிறேன்.”

மேலிருந்து ஒட்டிக்கொண்டு வர வர, தெருவில் வெளிச்சத் துண்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முதலில் தண்ணீர்த்தொட்டி, பிறகு தையற்காரர் வாசல். அவள் கொடியை அவிழ்த்து மிச்சமிருந்த வெளிச்சத்தில் கட்டினாள்.

மூன்றாம் மாடிக்கு இறங்கித் திரும்பிப் பார்த்தான். வெள்ளை விரிப்பில் கறுப்பாக ஒரு கறை. அவள் தேய்த்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். அவனுக்கு எதுவோ பொறி தட்டியது. காலை அகட்டினான், கறை அகன்றது. கையைத் தூக்கினான், கறைக்குக் கொம்பு முளைத்தது. தன் நிழல் எங்கே போய் விழுகிறதென்று இத்தனை காலத்தில் அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“என்ன மாமா, நின்னுட்டீங்க? மேஸ்திரி பாக்கிறான்.”

காலையில் அவள் கேட்ட கண்ணாடிக்கான தாள், பாதி உரித்தபடி அவன் கையில் காற்றுக்குப் படபடத்தது. கீழே அவள் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கண்கூச்சத்தில் ஆள் தெரிந்திருக்காது. பிறகு விரிப்பின் பக்கம் திரும்பி, அந்தக் கறையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறவள் மாதிரி.