அலைக்குப் பின்னால் ஒரு வால்

நான்கு மணிக்கு ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பியாக வேண்டும். முதல் பெயர் என்னுடையது. ஆறு வருடம் இந்த இருட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டதற்கு அதுதான் கூலி.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அலையை ஒரு புரதப் படலத்தின் வழியே அனுப்புகிறோம். வெளியே வரும் அலையோடு மிகக் குறுகிய லேசர் துடிப்பு ஒன்றையும் ஒரு படிகத்துக்குள் விடுகிறோம். துடிப்பு வந்த கணத்தில் அலை எவ்வளவு உயரம் என்று படிகம் காட்டிக்கொடுத்துவிடும். துடிப்பைத் துளித்துளியாகத் தாமதித்தால் முழு அலையும் திரையில் எழுதப்படும். அலை முடிந்த பிறகும் ஒரு சின்ன வால் ஆடுகிறது. அது புரதத்தின் நடுக்கம் என்பதுதான் எங்கள் கண்டுபிடிப்பு.

படலம் இல்லாமல் அளப்பது லேசரைப் பராமரிக்கும் அண்ணனின் வேலை. படலத்தோடு அளப்பது என் வேலை. அவர் அளந்தால் வால் இல்லை, நான் அளந்தால் உண்டு. எல்லாம் சரியாகத்தானே இருந்தது!

இன்று காலை அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"நேத்து நீ லீவுல்ல, படலத்தை வச்சு நானே அளந்தேம்மா. வால் வரல."

"படலம் கெட்டுப்போயிருக்கும்ணே."

"அப்ப படலமே இல்லாம நீ அளந்து பாரு."

அளந்தேன். வந்தது. இல்லாத படலத்துக்கு வால்! படிகத்தை மாற்றினேன், கம்பிகளை மாற்றினேன், வால் போகவில்லை. அண்ணன் அளந்தால் மட்டும் காணாமல் போகிறது. எனக்கு அழுகையே வந்தது.

கருவி முழுவதும் உலர்ந்த காற்று நிரப்பிய ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அண்ணனுக்குக் கை நீளம், எட்ட நின்றே உள்ளே கைவிட்டு லேசர்க் கண்ணாடியின் திருகைத் திருப்புவார். நான் குட்டை. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, முகத்தை உள்ளே நுழைத்தால்தான் எட்டும். மறுபடியும் நுழைத்தேன்.

"ஏம்மா, உள்ள தலையை விட்டு இப்படிப் பெருமூச்சு விடற?" என்று அண்ணன் சிரித்தார்.

எனக்குச் சுரீரென்றது. மூச்சை அடக்கினேன். வால் மெல்லத் தேய்ந்தது. விட்டேன். வந்தது. என் மூச்சின் ஈரம்தான் அந்த அலையில் நடுங்கியிருக்கிறது! இத்தனை நாளும் அதைத்தான் அளந்திருக்கிறேன். நம்ப முடியாமல், தலையை வெளியே எடுக்காமலே மறுபடியும் அடக்கினேன்.

அப்போது பேராசிரியர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார்.

"என்னம்மா, வாலைக் காணோம்?"

"சார், அது..."

நான் வாய் திறந்ததும் திரையில் வால் எழுந்தது.

"இதோ வந்துடுச்சே! அனுப்பிடலாம்!" என்று அவர் கைதட்டினார்.

"இல்ல சார், அது புரதமே இல்ல, என் மூச்சு" என்று நான் சொல்லச் சொல்ல, அது இன்னும் பெரிதாக ஆடியது.