பதிவேட்டில் உதவியாளர்

விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றே அழைத்தார்கள். அங்கே வேன் ஓட்டுபவன் அவளுடைய கொழுந்தன். அவன் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, அவளைவிட மூத்தவரான மேற்பார்வையாளருக்கும் அதுவே பழகிவிட்டது. ஆகவே மரியாதைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஆறு ஆண்டுகளாக ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் செலுத்தித் தேய்த்தெடுப்பவள் அவள்தான். ஆனால் பதிவேட்டில் அவள் உதவியாளர். இயந்திரம் ஓட்டுபவர் என்ற இடத்தில் கொழுந்தனின் பெயர் இருந்தது. வேனுக்கும் இயந்திரத்துக்கும் ஒரே ஆளை எழுதிவிட்டால் முதலாளிக்கு ஒரு கூலி மிச்சம். இயந்திரக்காரர் கூலிக்கும் உதவியாளர் கூலிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அன்று காலை, தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் அம்மையார் வருவதாகத் தகவல் வந்தது.

"அண்ணி, ஒரு மணி நேரம் மடிக்கிற மேசையில உக்காந்துக்கங்க. உங்க கொழுந்தன் மெஷின்ல நிக்கட்டும்," என்றார் மேற்பார்வையாளர்.

"அவனுக்கு ஸ்டீரிங்தானே தெரியும்?"

"இதுவும் சுத்துறதுதானே அண்ணி!"

மேசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆய்வாளர் கேட்டால் இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டிருந்தாள்.

ஆய்வாளர் வந்து பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கொழுந்தன் விரிப்பின் ஓரத்தைப் பிடித்த பிடி விடாமலே உள்ளே செலுத்தினான். துணியோடு கையும் போகப் பார்த்தது. அண்ணி பாய்ந்து சென்று, பக்கவாட்டில் இருந்த சிவப்புக் கம்பியை இழுத்தாள். உருளை உயர்ந்து நின்றது. விரல் நுனிகள் சிவந்ததோடு அவன் தப்பித்தான்.

"இதை எப்படி நிறுத்தணும்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் ஆய்வாளர்.

"நான்தாங்க ஓட்டுறேன். ஆறு வருசமா."

ஆய்வாளர் கொழுந்தனைப் பார்த்தார். அவன் மேற்பார்வையாளரைப் பார்த்தான்.

"பக்கத்துல நின்னு பாத்திருப்பாங்க மேடம்," என்றான்.

ஆய்வாளர் மேசைப் பெண்களைக் கேட்டார். அவர்கள் அதுவரை இல்லாத அக்கறையோடு துண்டுகளை மடிக்கத் தொடங்கினார்கள்.

"சரி, நீங்களே ஓட்டிக் காட்டுங்கம்மா. ஓட்டிட்டீங்கன்னா, ஆம்பளைக்கு என்ன கூலியோ அதேதான் உங்களுக்கும்."

அவளால் இயலவில்லை. சிவப்புக் கம்பியை இழுத்தால் நீராவி அடைபட்டுவிடும். உருளை மறுபடி சூடேற இரண்டு மணி நேரம் ஆகும். ஆய்வாளருக்கோ இன்னும் மூன்று இடங்கள் பாக்கி இருந்தன. அடுத்த முறை பார்ப்பதாகக் கனிவோடு கூறிவிட்டு, உள்ளதை உள்ளபடி, அதாவது பதிவேட்டில் உள்ளபடி, எழுதினார். கொழுந்தன் கையொப்பமிட்டான்.

ஆய்வாளர் போன பிறகு அவன் அருகில் வந்தான். "என்ன பண்றது அண்ணி? கையெழுத்துப் போடச் சொன்னாங்க."

"கை இருந்துச்சு, போட்டே."

அவன் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"ரெண்டு மணி நேரம் வேலை நின்னது உங்க கூலியிலதான் பிடிப்பாங்க அண்ணி," என்றார் மேற்பார்வையாளர்.

உருளை சூடேறியதும் அவள்தான் அதன் முன் போய் நின்றாள். அங்கே வேறு யாருக்கும் அதை ஓட்டத் தெரியாது.