சைக்கிளில் வந்த விருந்தாளி

1.

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. கேள்வி என்னுடையதல்ல. எங்கள் ஊர் கனிபாதாமில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டது. ஊருக்குள் சைக்கிளில் வந்து வீடு புகுந்து சின்னச் சின்னச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகிறவனைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் இஸ்திரிப்பெட்டி. இன்னொரு வீட்டில் காய வைத்த ஆப்ரிகாட் ஒரு மூட்டை. யாரோ தணிந்த குரலில், “பாவம், இல்லாதவனா இருக்கும்” என்றார். உடனே வந்தது அந்தக் கேள்வி:

“சைக்கிள் வெச்சிருக்கறவன் எப்படிய்யா இல்லாதவன்?”

கடையே சிரித்தது. வீட்டுக்குத் திரும்பும்போது வாய்க்கால் ஓரத்தில் எனக்குப் பதில் வந்தது. வந்த பதில் நீண்டுகொண்டே போனதால் கதையாகிவிட்டது. கேட்டவர் இதைப் படிக்கமாட்டார். பரவாயில்லை, நீங்கள் படிக்கிறீர்கள்.

2.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

“துராபின் கடைசி மகள் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள். மருந்து வாங்க வழியில்லாத துராப், சுவரில் சாய்த்திருந்த சைக்கிளை”

இந்த இடத்தில் என் மனைவி ஸுஹ்ரோ தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“யாரு இந்தப் புள்ள?”

“துராபோட மக.”

“அவளுக்கு எதுக்குக் காய்ச்சல்?”

“எதுக்குன்னா... அவன் திருடப் போகணுமில்ல?”

“ஓ, அப்போ அந்தப் புள்ளைக்கு நோவு குடுத்ததே நீங்கதானா? நல்லாயிருக்கு! மருந்தையும் நீங்களே வாங்கிக் குடுங்க. கதையும் முடிஞ்சிரும், நானும் விளக்க அணைப்பேன்.”

அவள் சொன்னது என்னை உறங்கவிடவில்லை. ஏழை ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைக்க நாம் ஏன் எப்போதும் ஒரு நோயாளிக் குழந்தையைக் கேட்கிறோம்? குழந்தை இருமினால் மன்னிப்பு, இருமாவிட்டால் போலீஸ். இறைவன் ஒருவனுக்குச் சோறு தரும் முன்னால் அவன் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பதில்லை. எனவே வாசகரே, தெரிந்துகொள்ளுங்கள்: துராபுக்கு ஒரு மகள் உண்டு. கொழுகொழுவென்று இருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கழுதை மேலிருந்து விழுந்து முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளைக் காட்டி உங்களிடம் இரக்கம் வாங்கமாட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: “துராப் பிறவித் திருடன். அவன் கண்களில்”

கண்களில் என்ன இருக்கும்? தூக்கம் இருக்கும். இதையும் அடித்துவிட்டேன்.

[ஹோஷிம் என்று ஒருவர் வரப்போகிறார். பொருளைப் பறிகொடுப்பவர். முதலில் அவருக்குத் தங்கப் பல்லும் பெரிய தொந்தியும் வைத்திருந்தேன். அவர் திருட்டுக் கொடுத்தால் உங்களுக்கு வலிக்கக் கூடாது என்பது திட்டம். பல்லைப் பிடுங்கிவிட்டேன், தொந்தியையும் குறைத்துவிட்டேன். பறிகொடுப்பவருக்கும் வலிக்கத்தான் வேண்டும்.]

3.

நபிஜோன் வீட்டில் மகளுக்குக் கல்யாணம். விடியல் தொழுகை முடிந்ததும் ஆண்களுக்கெல்லாம் ஓஷ் போடுவது வழக்கம். காரட்டும் ஆட்டிறைச்சியும் மினுமினுக்கும் அரிசிச் சோறு. தெருவே அங்கேதான் இருந்தது. ஹோஷிமும் அங்கே. அவர் மனைவியும் மகள்களும் காரட் நறுக்க முந்தைய நாளே போய்விட்டார்கள். வீட்டுக் கதவில் பூட்டு இல்லை. கல்யாணத்தன்று பக்கத்து வீட்டுக்காரன் கதவைப் பூட்டினால், வருகிற விருந்தாளிகளைச் சந்தேகப்படுகிறான் என்று பொருள்.

துராபுக்கு இது தெரியும். அவனும் இந்த ஊர்க்காரன்தான். வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ரஷ்யாவில் வேலை பார்த்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், மறுபடி போக முடியாது. ஆப்ரிகாட் பழுக்கும் காலத்தில் தோட்டங்களில் கூலி கிடைக்கும். இது பூக்கும் காலம். பூவைப் பறிக்க யாரும் ஆள் வைப்பதில்லை.

ஹோஷிமின் முற்றத்தில் தண்ணீர் பம்ப் இருந்தது. கைக்கு அடக்கமான சின்ன மோட்டார். கழற்ற அதிக நேரம் ஆகவில்லை. அதைச் சிமெண்ட் சாக்கில் போட்டு, சைக்கிள் கேரியரில் ரப்பர் பட்டையால் கட்டினான். தெருவின் ஒரு முனை வாய்க்காலில் முட்டி நின்றுவிடும். மறுமுனைக்குப் போக நபிஜோனின் வாசலைத் தாண்டியாக வேண்டும். எல்லோரும் உள்ளே சாப்பாட்டில் இருப்பார்கள், தலையைக் குனிந்துகொண்டு மிதித்துவிடலாம் என்று துராப் நினைத்தான்.

இந்த ஊர்க்காரன் ஒருவன் மறக்கக் கூடாததை மறந்துவிட்டான். கல்யாண வாசலில் நெஞ்சில் கைவைத்து நிற்கிறவர்கள் யாரையும் தாண்டிப் போக விடமாட்டார்கள்.

“வாங்க, வாங்க! எங்க போறீங்க?” நபிஜோனின் தம்பி ஸாபிர் நடுத்தெருவுக்கே வந்துவிட்டார். “கல்யாண வீட்டத் தாண்டிட்டா போவீங்க?”

“இல்லண்ணே, கொஞ்சம் அவசரமா...”

“அவசரமா? ஓஷ் ஆறிட்டிருக்கு, அதவிட என்ன அவசரம்? எறங்குங்க தம்பி.”

இறங்கினான். இறங்காவிட்டால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஸாபிர் சைக்கிளை வாங்கி மல்பெரி மரத்தில் சாய்த்தார். சாக்கைப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“என்ன தம்பி இது! வெறுங்கையோட வந்தா வேணான்னா சொல்லுவோம்? இவ்ளோ கனமா...”

“அண்ணே, அது வந்து...”

“போதும், கூச்சப்படாதீங்க.” பட்டையை அவிழ்த்து, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, பெண்கள் சீர்வரிசை அடுக்கும் அறைக்குள் போய்விட்டார்.

[துராபுக்காக நான் சில பொய்களைத் தயாரித்துப் பார்த்தேன். “அது சிமெண்ட்” என்றால் ஓரத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. “அது என் பம்ப்” என்றால், “அப்போ குடுக்க மனசு வரலியா?” என்பார்கள். என்னாலேயே முடியவில்லை. துராபுக்கு யோசிக்க அவ்வளவு நேரமும் இல்லை.]

4.

இருவருக்கு ஒரு தட்டு. தெரிந்தவனோடுதான் உட்காருவேன் என்று யாரும் சொல்ல முடியாது. இடம் எங்கே காலியோ அங்கே. துராபின் எதிரில் உட்கார்ந்திருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

“என் பேரு ஹோஷிம். இதே தெருதான். நீங்க?”

“துராப். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.”

“ஓ, மாப்பிள்ள வீட்டு ஆளா?”

துராப் வாய் நிறையச் சோற்றைப் போட்டுக்கொண்டான். அதைத் தலையாட்டலாக ஹோஷிம் எடுத்துக்கொண்டார்.

“கொஞ்ச நேரந்தான் உட்கார முடியும்” என்றார் ஹோஷிம். “இன்னிக்கு எங்க தெருவுக்குத் தண்ணி முறை. இருபது வருசம் ரஷ்யாவுல செங்கல் சொமந்தேன் தம்பி. அந்தக் காசுல வாங்குன பம்ப்பு ஒண்ணு இருக்கு, அதுதான் என் மூத்த புள்ள மாதிரி. நேத்து அதுக்குப் புது வாஷர் போட்டேன். இந்த முறைய விட்டா நட்டு வெச்ச கன்னெல்லாம் கருகிரும்.”

துராபின் கையிலிருந்த கவளம் பாதி வழியில் நின்றது.

[இங்கே அவனுக்கு வியர்த்தது என்று எழுதியிருந்தேன். ஸுஹ்ரோ அடிக்கச் சொன்னாள். “சூடா ஓஷ் தின்னா எல்லாருக்குந்தான் வேர்க்கும்.”]

பக்கத்துத் தட்டுக்காரர் பேச்சில் நுழைந்தார். “சைக்கிள்ல ஒருத்தன் சுத்தறானாமே, கேட்டீங்களா?”

“சோம்பேறிப் பயலுங்க” என்றார் ஹோஷிம். “நான் சொமக்கலியா? முதுகு ஒடிய உழைச்சா எவனாவது ஏழையா இருப்பானா?”

துராப் பேசக் கூடாதுதான். நானும் அவனைப் பேச வேண்டாமென்றுதான் சொன்னேன். கேட்கவில்லை.

“அதக் கழுதகிட்டதான் கேக்கணும்ண்ணே. அதவிட முதுகு ஒடிய உழைக்கறது யாரு?”

பக்கத்துத் தட்டுக்காரர் தும்மலோடு சிரித்தார். ஹோஷிமும் சிரித்துவிட்டார். “கெட்டிக்காரன்யா நீ!” என்று இறைச்சித் துண்டு ஒன்றை துராப் பக்கம் தள்ளினார். துராப் அதை அவர் பக்கம் தள்ளினான். ஒரே தட்டில் சாப்பிடுகிற இருவர் செய்வது அது. நல்ல துண்டைத் தன் பக்கம் இழுக்கிறவன் மனிதனில்லை. அவர் தள்ள, இவன் தள்ள, சோறெல்லாம் தீர்ந்தபின்பும் அந்தத் துண்டு நடுவிலேயே கிடந்தது. கடைசியில் ஹோஷிம் அதைப் பிய்த்து, பாதியைத் தன் கையாலேயே துராபின் வாயில் வைத்தார். அவன் விழுங்கினான்.

பெரியவர் ஒருவர் துஆ எனும் பிரார்த்தனையைத் தொடங்கினார். எல்லோரும் உள்ளங்கையை விரித்தார்கள். துராபும் விரித்தான். அவன் என்ன கேட்டான் என்று நீங்கள் அறிய விரும்புவீர்கள். எனக்குத் தெரியாது. அவனைப் படைத்தவன் நானல்லவா என்கிறீர்களா? நான் எழுதினேன், படைத்தவன் வேறு. விரித்த கைக்குள் எட்டிப் பார்க்க எந்த எழுத்தாளனுக்கும் உரிமை கிடையாது.

5.

எழுந்து வாசலுக்கு வந்த துராபின் இரண்டு கைகளையும் நபிஜோன் பிடித்துக்கொண்டார்.

“தம்பி சொன்னான். மோட்டார் பம்ப்பாமே! முன்னப் பின்ன தெரியாத மனுஷன் எம்பொண்ணுக்கு இவ்ளோ பெரிய சீரா! நீங்க யாரு பெத்த புள்ளய்யா?”

துராபுக்கு ஓட வழி இருந்தது. சைக்கிள் அங்கேதான் நின்றது. ஆனால் கைகள் நபிஜோனிடம் இருந்தன. அந்தக் கைகளை யாரும் அப்படிப் பிடித்து வெகு காலமாயிற்று.

உள்ளேயிருந்து ஸாபிரின் குரல் கேட்டது. “ஹோஷிமண்ணே, மோட்டார் விவரம் தெரிஞ்ச ஆளு நீங்கதான். இது எப்படின்னு பாத்துச் சொல்லுங்க.”

ஹோஷிம் உள்ளே போனார்.

துராப் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் ஸாபிர் சிமெண்ட் சாக்கோடு திரும்பி வந்தார். சாக்கு இப்போதும் உப்பியிருந்தது. கொண்டுவந்த பையை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாதென்று ரொட்டியும் மிட்டாயும் திராட்சையும் இறைச்சிப் பொட்டலமும் நிரப்பி, கேரியரில் கட்டினார். “பாத்துப் போங்க, மேல ரொட்டி இருக்கு, நசுங்கிரும்.”

ஹோஷிம் வெளியே வந்தார். துருவை மறைக்கத் தானே பூசிய பச்சைப் பெயின்டை ஒருவருக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? நேற்று மாட்டிய வாஷரைத் தெரியாமல் இருக்குமா? அவர் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து துராபைப் பார்த்தார். துராபும் பார்த்தான். இருவருக்கும் தெரிந்துவிட்டது. மற்ற யாருக்கும் தெரியாது.

ஹோஷிம் நடந்து வருகிறார்.

6.

இனி முடிவு. பல பேர் பல முடிவுகளைக் கேட்டார்கள்.

தேநீர்க் கடை கேட்ட முடிவு: “திருடன்!” என்று ஹோஷிம் கத்துகிறார். நான்கு பேர் பாய்கிறார்கள். சைக்கிள் வாய்க்காலில் விழுகிறது. கல்யாணப் பெண்ணின் வாசலில் அவளுடைய விருந்தாளியை அடிக்கிறார்கள். நபிஜோன் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார் என்று கடையில் யாரும் கேட்கவில்லை.

நல்ல மனம் படைத்த வாசகர்கள் கேட்பது: “துராப் கண்ணீர் வழிய முழங்காலிட்டு”

இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஸுஹ்ரோ கேட்டாள்: “ஏன், கால்ல விழுந்தாத்தான் சோறு போடுவீங்களோ?” அந்த வரியை அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. நிமிர்ந்துதான் நிற்கிறான்.

மூன்றாவது: ஹோஷிம் ஒன்றுமே சொல்லாமல் திரும்பிவிடுகிறார். கன்றுகள் கருகுகின்றன. அவர் மகான் ஆகிறார். இதுவும் வேண்டாம். இன்னொருவர் தோட்டத்தைக் கருகவிட்டு நாம் கண்ணைத் துடைத்துக்கொள்வது மலிவான பக்தி.

எனக்கென்று ஒரு முடிவு இருக்கிறது. சின்னது, இரண்டே வாக்கியம். பம்ப்பும் வாய்க்காலுக்குப் போகும், நபிஜோனின் முகமும் வாடாது, துராபும் தலைகுனியாமல் போவான். தொழுகைக்குப் பிறகு அதைத்தான் கேட்கிறேன். ஆனால் எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் ஹோஷிமைப் புகழ்ந்துவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவீர்கள். நாளைக்கு உங்கள் தெருவில் சாக்குமூட்டையோடு ஒருவன் போனால் கதவைச் சாத்துவீர்கள். அதற்கு நான் துணைபோகமாட்டேன்.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். ஹோஷிம் வாசலுக்கு வந்துவிட்டார். நபிஜோன் அவரைப் பார்த்து, “எப்படி, பம்ப்பு நல்லாயிருக்கா?” என்கிறார். ஹோஷிமின் கை துராபின் தோளில் விழுகிறது. கையில் இன்னும் இறைச்சிக் கொழுப்பின் பிசுபிசுப்பு போகவில்லை. பிடிக்க வந்த கையா, வழியனுப்ப வந்த கையா என்று துராபுக்குத் தெரியவில்லை. ஹோஷிமுக்கும் தெரியவில்லை.

வாசகரே, அவருக்குப் பதிலாக நீங்கள் போய் நில்லுங்கள். நபிஜோன் பதிலுக்குக் காத்திருக்கிறார். சொல்லுங்கள்.